ரயில் வந்த வருஷத்துப் பிள்ளை

மலைநாட்டு முஸ்லிம் வீடுகளில் முந்தின தலைமுறையாரின் வயதைக் கேட்டால் ஆண்டு வராது; சம்பவம்தான் வரும். "கம்பளைக் கலகத்தில் கைப்பிள்ளை", "பெரிய காய்ச்சல் வருஷம் சுன்னத்து முடிஞ்சவர்", "கூப்பன் அரிசிக் காலத்தில் கலியாணம் முடிச்சவ" என்று சொல்வார்கள். வரலாறு எழுதுவோர் இதைப் பெரிதாக எடுப்பதில்லை. வயதானவர்களின் பேச்சு என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு கடையும் ஒரு கிதாபும் தவிர வேறு சொத்து இல்லாத குடும்பங்களுக்கு இதைவிட வேறு என்ன பதிவேடு இருந்திருக்கும்?

என் உம்மும்மா, அதாவது என் உம்மாவைப் பெற்றவர், தன்னை "ரயிலு அட்டனுக்கு வந்த வருஷத்துப் பிள்ளை" என்றுதான் சொல்லிக்கொள்வார். 1984 ஜனவரியில் அட்டனில் வஃபாத்தானார். இலங்கை மண்ணில் பிறந்து, ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு வாழ்ந்து, அதே மண்ணில் அடக்கமான அவர் மவுத்தாகும்போது எந்த நாட்டுக்கும் பிரஜையாக இருக்கவில்லை. அது எப்படி நேர்ந்தது என்பதைத்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதுவோருக்கு மலையகத்தின் கரையோரச் சோனகர் ஓர் அடிக்குறிப்பு. மலையகத் தமிழரின் வரலாற்றை எழுதுவோருக்குக் கடைக்கார நானா ஒரு வரி. இரண்டு புத்தகங்களுக்கும் நடுவே விழுந்துபோன மனிதர்கள் இருக்கிறார்கள். உம்மும்மா அவர்களில் ஒருவர்.

வயதுக் கணக்கு

முதலில் வயதைச் சரிபார்ப்போம். நூறு வயது என்று சொல்லப்படுபவை எல்லாம் நூறாக இருப்பதில்லை.

நாவலப்பிட்டிவரை 1874இல் வந்த ரயில் பாதை, அட்டனுக்கு 1884இல் வந்தது. அடுத்த வருஷம் நானுஓயாவைத் தொட்டது. உம்மும்மா சொன்னதற்கு ஒரு எழுத்துச் சாட்சியும் இருந்தது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் அரபுத்தமிழில் இயற்றிய 'மகானி' கிதாபு ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. அதன் பின் ஏடுகளில் குடும்பத்தின் பிறப்பு இறப்புகளை அரபுத்தமிழில் எழுதிவைத்திருந்தார்கள். அதில் உம்மும்மாவின் பெயருக்கு நேரே ஹிஜ்ரி 1301, ஷஃபான் மாதம் என்று இருக்கிறது. இது 1884 மே கடைசிக்கும் ஜூன் கடைசிக்கும் இடைப்பட்ட காலம். வாய்ச்சொல்லும் ஏடும் ஒன்றாகவே நிற்கின்றன.

அவர் மவுத்தானது ஹிஜ்ரி 1404 ரபீஉல் ஆகிரில். பிறைக் கணக்கில் பார்த்தால் 103 நிரம்பச் சில மாதங்களே குறைவு. ஆங்கிலக் கணக்கில் நூறு நிரம்ப ஐந்து மாதம் குறைவு. ஏறத்தாழ 32 ஆங்கில வருஷத்துக்குப் பிறை வருஷம் 33 ஆகிவிடும். நம் முன்னோர் பலரின் வயது குடும்பத்துக்குள் இரண்டு விதமாகச் சொல்லப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவருடைய மையவாடிக் கல்லில் எதை எழுதுவது என்று மாமாமார் இரண்டு நாள் வாக்குவாதப்பட்டு, கடைசியில் வயதையே எழுதாமல் விட்டார்கள்.

தொண்டியும் கம்பளையும்

உம்மும்மாவின் வாப்பா தொண்டிக்காரர். இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் வந்தவர். சம்மான் எனும் படகில் வந்ததால் 'சம்மான்காரர்' என்று பெயர் பெற்ற கூட்டம் அது. அவர் வந்த நேரம் நல்ல நேரம் அல்ல. 1869இல் இலைகளில் கண்ட செம்மஞ்சள் நோய் பத்துப் பதினைந்து வருஷத்துக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. கோப்பி மூட்டைகளை இறக்கவென்று திட்டமிட்ட ரயில் பாதை மலையேறி வந்து சேர்ந்தபோது, ஏற்றுவதற்குக் கோப்பி இருக்கவில்லை. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் நட்டுப் பார்த்த தேயிலைதான் அந்தப் பாதையைக் காப்பாற்றியது. கோப்பிக்கு ஆட்கள் பருவத்துக்கு வந்து திரும்பினார்கள். தேயிலைக்கோ வருஷம் முழுக்கக் கொழுந்தெடுக்க வேண்டும். ஆட்கள் லயங்களில் குடும்பமாகத் தங்கினார்கள். தங்கினவர்களுக்குக் கருவாடும் மிளகாயும் புகையிலையும் கம்பளியும் வேண்டியிருந்தது. தொண்டியிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் அதிராம்பட்டினத்திலிருந்தும் வந்தவர்கள் தோட்ட அடிவாரங்களில் கடை போட்ட கதை இதுதான்.

கரையோரச் சோனகர் பலர் பெண்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டுத் தனியாக வந்து போனவர்கள். உம்மும்மாவின் வாப்பா அப்படிச் செய்யவில்லை. கம்பளையில், கண்டி மன்னர் காலத்திலிருந்தே குடியிருந்த ஒரு குடும்பத்தில் பெண்ணெடுத்தார். ஆக உம்மும்மாவுக்கு வாப்பா வழி கடலுக்கு அக்கரை. உம்மா வழி மகாவலி ஆற்றங்கரை. இந்த இரண்டு வழிகளில் எது கணக்கில் வரும் என்று யாராவது கேட்பார்கள் என்று அன்று ஒருவரும் நினைத்திருக்கமாட்டார்கள். 1911 குடிசனக் கணக்கெடுப்பில் சோனகரை 'இலங்கைச் சோனகர்' என்றும் 'இந்தியச் சோனகர்' என்றும் தனித்தனியாக எண்ணினார்கள். இருபத்தேழு வயதில் உம்மும்மாவை எந்தக் கட்டத்தில் எழுதினார்களோ, அவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

அவருக்குப் பள்ளிக்கூடம் இல்லை. கண்டியில் அறிஞர் சித்தி லெப்பை பெண்பிள்ளைகளின் படிப்புக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்த காலம்தான் அது. அவருடைய 'முஸ்லிம் நேசன்' 1882 முதல் வெளிவந்தது. ஆனால் அந்த வெளிச்சம் கம்பளை ஒழுங்கைக்கு எட்டவில்லை. வீட்டுக்கு வந்த லெப்பையிடம் குர்ஆனும் அரபுத்தமிழும் ஓதினார். தமிழ் எழுத்தை அவர் கடைசிவரை படிக்கவில்லை. அரபுத்தமிழில் மணிக்கணக்காக வாசிப்பார். இப்படிப்பட்டவரைத்தான் பிற்காலத்தில் 'எழுத வாசிக்கத் தெரியாதவர்' என்று படிவத்தில் குறித்தார்கள்.

சின்ன வயதில் கண்டியில் 'மிஸ்ர் பாஷா'வைக் கண்டதாக அடிக்கடி சொல்வார். வெள்ளைத் தாடி, உயரமான ஆள், பிள்ளைகளைக் கண்டால் கைதூக்கி ஸலாம் சொல்லுவாராம். வீட்டில் இதை யாரும் நம்பவில்லை. நான் பிறகு ஆண்டுகளைப் பொருத்திப் பார்த்தேன். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்ற அஹ்மத் உராபி பாஷா 1883 ஜனவரியில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். கொழும்பில் சில வருஷம் இருந்துவிட்டு 1892 வாக்கில் கண்டிக்கு வந்தார். 1901இல்தான் ஊர் திரும்பினார். உம்மும்மாவுக்கு எட்டு வயதிலிருந்து பதினேழு வயதுவரை உள்ள காலம். உம்மாவின் சொந்தக்காரர் கண்டியில் இருந்தார்கள். கண்டிருக்க எல்லா நியாயமும் உண்டு.

எரிந்த கணக்குப் புத்தகம்

1902 வாக்கில் தொண்டியிலிருந்து வந்த மாமி மகனையே அவருக்கு முடித்துவைத்தார்கள். கம்பளைக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையில் ஒரு தோட்டத்தின் அடிவாரத்தில் கடை. பின்னால் வீடு. அங்கேதான் 1915 வந்தது.

அந்தக் கலகத்தின் வேர் கம்பளையிலேயே இருந்தது. வல்லாகொட தேவாலயப் பெரஹரா மேளதாளத்தோடு அம்பகமுவத் தெருப் பள்ளிவாசலைக் கடக்கலாமா என்ற வழக்கு. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் தேவாலயத்தார் பக்கம் தீர்த்தது. 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் அதை மாற்றியது. மே 28 வெசாக் இரவில் கண்டியில் ஒரு பள்ளிவாசல் முன்னால் மூண்டது, சில நாளில் ஐந்து மாகாணங்களுக்குப் பரவியது. அரசாங்கக் கணக்கின்படி 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். 4,075 கடைகளும் வீடுகளும் கொள்ளையடிக்கப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன, 86 சேதமாக்கப்பட்டன. கோபம் முதலில் கரையோரச் சோனகர் மேல்தான் இருந்தது. வட்டிக் கணக்கும் கடன் வியாபாரமும் அதற்கு எண்ணெய் வார்த்தன. அடி விழுந்தபோது கரையோரம், இலங்கை என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

உம்மும்மா அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. "சத்தம் கேட்டதும் புள்ளைகள இழுத்துக்கிட்டு மேல ஏறினோம் மகன். கீழ கடை எரியிற வெளிச்சம் லயத்துச் சுவரில தெரிஞ்சிச்சு" என்பார். லயத்தில் ஒரு காம்பராவில் பதினொரு நாள். அந்த வீட்டுக்காரர்கள் பிரட்டுக்குப் போகும்போது வெளியே பூட்டிவிட்டுப் போவார்களாம், உள்ளே ஆள் இல்லாததுபோல. கஞ்சியில் பாதி வந்தது. இவர்கள் ஹலால் பார்ப்பார்கள் என்று கறிச்சட்டியைத் தனியாக வாங்கிவந்து கொடுத்தாளாம் அந்த வீட்டு அம்மா.

கடையோடு கணக்குப் புத்தகமும் எரிந்துபோனது. சம்பள நாளுக்குப் பிறகு லயத்து ஆட்கள் சிலர் வந்து, "நானா, நம்ம பேருல மூணு ரூபா நின்னுச்சு" என்று தாமாகவே சொன்னார்களாம். உம்மும்மா இதைச் சொல்லும்போது முகம் மலரும். நான் ஒருமுறை கேட்டேன்: "எல்லாரும் வந்தாங்களா?" சிரித்துவிட்டுச் சொன்னார்: "எல்லாரும் எப்பிடி வருவாங்க? புத்தகம் எரிஞ்சது எத்தன பேருக்கு நிம்மதியோ." அந்தப் பதில் எனக்கு முதல் கதையைவிடப் பெரிது. துண்டில் எழுதிய கங்காணிக் கடனும் கடைக் கடனும் சேர்ந்துதான் தொழிலாளியை லயத்தோடு கட்டிவைத்தன. எங்கள் மூத்தப்பாவின் கடையும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். நன்றியும் கடனும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கின. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்து எழுதினால் அது வரலாறு ஆகாது.

கலகத்துக்குப் பிறகு குடும்பம் அட்டனுக்கு ஏறியது. சின்ன மாமா அங்கே பிறந்தார்.

ஞாபகம் பிசகும் இடம்

உம்மும்மா சொன்னது எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. 1976இல் ஆசிரியர் கலாசாலை விடுமுறையில் அவர் சொல்லச் சொல்ல ஒரு கொப்பியில் எழுதினேன். "துண்டு ஒழிஞ்சது பெரிய காய்ச்சல் வருஷம்" என்றார். பெரிய காய்ச்சல் 1918–19 இன்புளுவென்சா. துண்டு முறையை நீக்கிய சட்டம் 1921. இரண்டுக்கும் இரண்டு மூன்று வருஷ இடைவெளி உண்டு. ஆனால் காய்ச்சலில் ஆள் செத்தார்கள், கடன் யார் தலையில் என்ற கேள்வி எழுந்தது, கொஞ்ச காலத்தில் துண்டும் போனது. ஞாபகம் தேதியை விட்டுவிட்டுக் காரணத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மலேரியா வருஷம் (1934–35) அவருக்கு ஞாபகமே இல்லை. உயரமான அட்டனுக்கு அந்த நோய் அவ்வளவாக ஏறவில்லை என்பதால் இருக்கலாம். ஆனால் 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிஸ் சூட்டில் இறந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. அன்று பஸாரில் கடைகள் பலகை போட்டன என்றார். தொழிற்சங்கத் தலைவர்களில் அப்துல் அஸீஸ் பெயரை மட்டும் அவர் மறக்கவே இல்லை. குஜராத்திலிருந்து வந்த முஸ்லிம் ஒருவர் தோட்டத் தொழிலாளருக்குத் தலைவராக நின்றது அவருக்குப் பெருமை. யார் பத்திரிகை வாசித்தாலும், "அஸீஸ் என்ன சொல்றாராம்?" என்று கேட்பார்.

பதினைந்து மாதம்

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

1941 பெப்ரவரியில் மூத்தப்பாவுக்குக் கடுமையான நோய். பிறந்த மண்ணைப் பார்க்கவேண்டும் என்றார். உம்மும்மா அவரைக் கூட்டிக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறித் தொண்டிக்குப் போனார். ஐம்பத்தாறு வயதில் அவர் இலங்கையை விட்டு வெளியே போனது அதுதான் முதல் தடவை. மூத்தப்பா ஹிஜ்ரி 1360 ஷவ்வாலில், அதாவது 1941 நவம்பர் வாக்கில், அங்கேயே மவுத்தானார். உம்மும்மா நாலு மாதமும் பத்து நாளும் இத்தா இருந்தார். இத்தா முடிந்தது 1942 மார்ச் கடைசியில். ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்டன. இலங்கையிலிருந்து ஜனங்கள் பயந்து இந்தியாவுக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் இந்தப் பக்கம் வரும்போது, விதவையான ஒரு கிழவி அந்தப் பக்கம் போகவேண்டும் என்று அடம்பிடித்தார். "என் புள்ளைகள் அங்க இருக்கு, என் உம்மாட கபுறு அங்க இருக்கு" என்றாராம். மே மாதம் அட்டன் வந்து சேர்ந்தார். போய்வந்தது மொத்தம் பதினைந்து மாதம்.

1947இல் பாராளுமன்றத் தேர்தலில் அவர் வாக்களித்தார். 1931இலிருந்தே பெண்களுக்கும் வாக்கு இருந்தது. அந்தத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. மறு வருஷம் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அதைக் கொண்டுவந்த பிரதமர் டி.எஸ். சேனநாயக்க, 1915 கலகத்தின்போது ஆங்கிலேயரால் காவலில் வைக்கப்பட்டவர்களில் ஒருவர்.

அந்தச் சட்டம் என்ன கேட்டது? இலங்கையில் பிறந்தவரானால், அவருடைய வாப்பாவும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அல்லது வாப்பாவின் வாப்பாவும் அவருடைய வாப்பாவும் இங்கே பிறந்திருக்கவேண்டும். வம்சாவழிப் பிரஜாவுரிமைக்கு உம்மா எங்கே பிறந்தார் என்று சட்டம் கேட்கவில்லை. மகாவலிக் கரையில் தலைமுறை தலைமுறையாக மையவாடி கண்ட உம்மா வழி முழுதும் கணக்கில் இல்லை. தொண்டியில் பிறந்த வாப்பா ஒருவரால், கம்பளையில் பிறந்து அறுபத்துநாலு வருஷம் வாழ்ந்தவர் ஒரே நாளில் அந்நியரானார். 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. 1952 தேர்தலில் அவருக்கு வாக்கில்லை.

மிச்சமிருந்தது 1949இன் 3ஆம் இலக்கச் சட்டம். இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் விண்ணப்பிக்கலாம். 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன் கலியாணமானவர் ஏழு வருஷமும் ஆகாதவர் பத்து வருஷமும் தொடர்ந்து இங்கே இருந்ததைக் காட்டவேண்டும். ஒரு தடவை வெளியே போனால் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படக்கூடாது. சுமார் 8,25,000 பேர் இச்சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார்கள். கடைசியில் பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு.

உம்மும்மாவும் விண்ணப்பித்தார். விசாரணைக்கு அந்த மகானி கிதாபையும் எடுத்துப்போனார். அவருக்குப் பிறப்புச் சாட்சிப் பத்திரம் கிடையாது. இருந்த ஒரே சாட்சி அதுதான். விசாரித்த அலுவலர் புரட்டிப் பார்த்துவிட்டு, இது என்ன அரபியா என்று கேட்டாராம். கூடப்போன பெரிய மாமா ஏட்டை வாசித்துக் காட்டினார். உம்மும்மாவின் பிறப்பு எழுதிய வரியை, உத்தியோகப் பதிவு அல்ல என்று அலுவலர் ஏற்கவில்லை. கொஞ்சம் கீழே மூத்தப்பாவின் வஃபாத்து எழுதியிருந்தது: தொண்டி, ஷவ்வால் 1360. அந்த வரியைக் குறித்துக்கொண்டார். "அப்போ நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டார். உம்மும்மா உள்ளதைச் சொன்னார். எப்போது போனீர்கள், எப்போது வந்தீர்கள்? அதையும் சொன்னார்.

1950களின் நடுவில் மறுப்புக் கடிதம் வந்தது. வதிவு தொடர்ச்சி அறுந்தது என்பது காரணம். அந்தக் கடிதத்தை நான் பார்த்திருக்கிறேன். பன்னிரண்டு மாதத்துக்கு மேற்பட்டது மூன்று மாதம். மார்க்கம் விதித்த இத்தா அதைவிட அதிகம். அவர் அங்கே தங்கியிருந்த காலத்தில் இத்தாவை மட்டும் கழித்தால் வதிவு அறுந்திருக்காது. இதைச் சட்டத்தில் கேட்பதற்குக் கட்டம் இல்லை. என் உம்மா சொல்வார், கடிதத்தை வாசித்துச் சொன்னபோது உம்மும்மா ஒன்றே ஒன்று கேட்டாராம்: "நான் இத்தாவ முறிச்சுக்கிட்டு வந்திருக்கணுமா?"

ஒரு வீட்டில் நான்கு பேர்

நான் வளர்ந்த வீட்டைச் சொன்னால் இதன் விளைவு விளங்கும். என் வாப்பா அக்குறணைக்காரர். அவருடைய வாப்பா, மூத்தப்பா எல்லோரும் அங்கேயே பிறந்தவர்கள். ஆகவே வாப்பாவும் நானும் வம்சாவழிப் பிரஜைகள். என் உம்மா, பிரஜையின் மனைவி என்ற வகையில் பதிவு செய்யப்பட்டார். சின்ன மாமா விண்ணப்பமும் தள்ளுபடியாகி, இந்தியக் கடவுச்சீட்டு எடுத்தார். உம்மும்மா நாடற்றவர். ஒரே சட்டியில் சோறு தின்ற நாங்கள் அரசாங்கத்தின் கண்ணில் நான்கு வகை.

1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்பது என்று எழுதினார்கள். 1974இல் அந்த மீதியையும் பாதி பாதியாகப் பிரித்தார்கள். கொழுந்தெடுத்தவர்களின் தலைவிதி என்றே இதை எல்லோரும் எழுதுகிறார்கள்; அது சரிதான், பெரும்பங்கு அவர்களுடையது. ஆனால் அந்தத் தொகைக்குள் பஸார்க் கடைக்காரரும், லயங்களில் குடியிருந்த சில முஸ்லிம் குடும்பங்களும் இருந்தார்கள். குடிசனக் கணக்கைப் பாருங்கள்: 1963இல் இந்தியச் சோனகர் சுமார் 55,000. 1971இல் 30,000க்கும் கீழே. எட்டு வருஷத்தில் பாதி. அந்தப் பாதி எங்கே போனது? கொஞ்சப் பேர் கப்பலேறினார்கள். கொஞ்சப் பேர், பெண்ணெடுத்தும் பெண் கொடுத்தும் பெயரை மாற்றியும், பக்கத்துக் கட்டத்துக்குள் சத்தமில்லாமல் நகர்ந்தார்கள் என்பது என் கணிப்பு. எங்கள் குடும்பத்திலேயே இரண்டும் நடந்தது.

சின்ன மாமா 1971இல் போனார். கலகத்தில் உம்மும்மாவின் வயிற்றில் இருந்தபடி லயத்துக் காம்பராவில் பதினொரு நாள் மறைந்திருந்த அதே பிள்ளை. ஐம்பத்தாறு வயதில், கால் வைத்தறியாத தொண்டிக்குக் குடும்பத்தோடு போய் இறங்கினார். இங்கே அவரைக் 'கள்ளத்தோணி' என்றவர்கள் உண்டு. அங்கே மவுத்தாகும்வரை 'சிலோன்காரர்' என்றுதான் கூப்பிட்டார்கள். உம்மும்மாவையும் வரச் சொன்னார். "போயிட்டு வந்ததுக்குத்தானே இவ்வளவும்" என்று மறுத்துவிட்டார்.

1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இரண்டு தோட்டக் குடும்பங்கள் ஆறு நாள் இருந்தன. தொண்ணூற்றொன்பது வயதில் கண் பார்வை மங்கியிருந்த உம்மும்மாவுக்கு ஆட்களின் சத்தம் மட்டும் கேட்டது. "எந்த லயத்துப் புள்ளைகள்?" என்று கேட்டுவிட்டு, தன் கம்பளியைக் கொடுத்தனுப்பினார். ஆறு மாதம் கழித்து அவரை அடக்கினோம்.

1988இல் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்தது. உம்மும்மா இருந்திருந்தால் நூற்றுநாலு வயதில் பிரஜையாகியிருப்பார். 2003இல் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவழியினருக்கும் அவர்களின் சந்ததிக்கும் மிச்சக் கதவைத் திறந்தது. அந்தச் சட்டம் யாரிடமும் வாப்பாவின் வாப்பா எங்கே பிறந்தார் என்று கேட்கவில்லை.

செய்யவேண்டியது

இந்த ஏட்டை வாசிப்பவர்களில் மலைநாட்டு வேர் உள்ளவர்கள் பலர் இருப்பீர்கள். கீழக்கரையிலோ தொண்டியிலோ அதிராம்பட்டினத்திலோ இருந்துகொண்டு, "எங்க அப்பா சிலோன்ல கடை வைச்சிருந்தார்" என்று சொல்பவர்களும் இருப்பீர்கள். உங்கள் வீட்டு மகானியின், மவ்லிதுக் கிதாபின், கடைப் புத்தகத்தின் பின் ஏடுகளைப் பாருங்கள். அரபுத்தமிழில் எழுதியிருந்தால், வாசிக்கத் தெரிந்த ஆலிம் ஒருவர் இருக்கும்போதே வாசிப்பித்து, தமிழில் பெயர்த்து, படம் பிடித்து வையுங்கள். ஹிஜ்ரி ஆண்டுக்கு நேரே ஆங்கில ஆண்டையும் எழுதுங்கள். நாவலப்பிட்டி, அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பள்ளிவாசல்களின் பழைய நிக்காஹ் பதிவேடுகளில் மணமகனின் ஊர் எழுதியிருந்தால் அதையும் பிரதி எடுக்கவேண்டும். எந்தக் கரையிலிருந்து யார் வந்து எந்தத் தோட்டத்தடியில் குடும்பமானார்கள் என்பது அங்கேதான் தெரியவரும். பெண்ணின் உம்மா எந்த ஊர் என்பதைக் கேட்டு எழுத மறக்கவேண்டாம். சட்டம் கேட்காமல் விட்டதை நாமும் விட்டுவிட்டால், அந்த வழி முழுதும் அழிந்துபோகும்.

உம்மும்மாவின் மகானி இப்போது என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது, பின் ஏடுகள் இருக்கின்றன. கடைசியாக எழுதப்பட்டிருப்பது அவருடைய வஃபாத்து. அதை அரபுத்தமிழில் எழுத வீட்டில் யாருக்கும் கை வரவில்லை. தமிழில் நான்தான் எழுதினேன்: பிறந்தது கம்பளை, ஹிஜ்ரி 1301, மவுத்தானது அட்டன், ஹிஜ்ரி 1404.